திண்ணைப் பதில்கள்: மாசிப் பூவும் பெயிண்ட் டப்பாவும்

மாசி பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி பூவைப் பற்றியும் பாதி பெயிண்டைப் பற்றியும்தான் இருக்கும். மழை ஓய்ந்துவிட்டது, கத்திரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த இடைவெளியில்தான் எல்லாருக்கும் பரணில் கிடக்கும் நாற்காலி ஞாபகத்துக்கு வருகிறது. இந்த முறை இரண்டும் ஒரே கடிதத்தில் சேர்ந்தே வந்திருக்கின்றன.

கேள்வி: எங்கள் மாமரம் இந்த வருஷம் இலை தெரியாமல் பூத்திருக்கிறது. அந்த நிழலிலேயே உட்கார்ந்து, மாமனார் காலத்து இரும்பு நாற்காலிகளுக்கு மஞ்சள் எனாமல் அடித்தேன். மறுநாள் பார்த்தால் மேலெல்லாம் பிசுபிசுப்பு, பூத்தூள், குட்டிக் குட்டிப் பூச்சிகள். கடைக்காரர் போலிப் பெயிண்டைத் தலையில் கட்டிவிட்டாரா? (வாசகி, நத்தம்)

கடைக்காரரை விட்டுவிடுங்கள் அம்மா, அவர் பாவம். வேலையைக் காட்டியது மாமரம்தான். பூக்கும் மாமரத்தில் தத்துப்பூச்சி இருக்கும். ஆப்பு வடிவத்தில், கோதுமை மணியைவிடச் சிறியதாக, கொப்பைத் தட்டினால் படபடவென்று பறக்கும். அது பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சிவிட்டு, சர்க்கரைப் பாகாகக் கழிவை வெளியே விடும். அதுதான் கீழே சொட்டுகிறது. மரத்தடி இலைகள் பளபளவென்று இருக்கின்றனவா, விரலால் தொட்டால் ஒட்டுகிறதா என்று பாருங்கள். அந்தப் பிசுக்கின் மேல் பிறகு கரும்பூசணம் படரும். எங்கள் ராஜபாளையத்தில் சப்பட்டை மாமரம் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

இரண்டாவது, நிறம். மஞ்சளைக் கண்டால் வெள்ளை ஈயும் அசுவினியும் தேடி வரும். தோட்டக்காரர்கள் மஞ்சள் அட்டையில் பசை தடவித் தொங்கவிடுவது இதனால்தான். காயாத மஞ்சள் நாற்காலியைப் பூ மரத்தடியில் வைத்தால் அதுவும் அப்படி ஒரு பொறிதான். கரும்பச்சை அடித்திருந்தால் பூச்சி இவ்வளவு விழுந்திருக்காது. ஆனால் மஞ்சள் அழகு, அதை நான் மறுக்கவில்லை.

இப்போது செய்ய வேண்டியது: நான்கைந்து நாள் நாற்காலியைத் தொடாதீர்கள். பெயிண்ட் நன்றாக இறுகிய பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவினால் பிசுக்கு போய்விடும், சர்க்கரைதானே. பூத்தூள் பதிந்துபோன இடங்களை மட்டும் 320 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து லேசாகத் தேயுங்கள். துடைத்துக் காயவைத்து இன்னொரு கோட்டு கொடுத்தால் போதும். பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை.

இந்த முறை இடத்தை மாற்றுங்கள். மரத்தடி வேண்டாம் என்றதும் நட்டநடு வெயிலுக்கும் கொண்டு போய்விடாதீர்கள். இரும்பு சூடேறினால் பால் மேல் ஆடை படிவது போல மேற்புறம் மட்டும் காய்ந்து, அடியில் ஈரம் அப்படியே இருக்கும். அது சுருங்கும், கொப்புளம் கிளம்பும். அதற்காகச் சாயங்காலம் அடிக்கலாமா என்றால் அதுவும் ஆகாது. மாசிப் பனி மச்சையும் துளைக்கும் என்பார்கள், ஈரப் பெயிண்டை விடுமா? பனி இறங்கினால் பளபளப்பு செத்து, சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். காலை ஒன்பது மணிக்கு, பனி காய்ந்த பிறகு, வீட்டின் மேற்குப் பக்கச் சுவர் நிழலில் ஆரம்பியுங்கள். பதினொன்றுக்குள் முடித்துவிடலாம். பொழுது சாய்வதற்குள் தூக்கி வராந்தாவில் வைத்துவிடுங்கள். அடுத்த கோட்டு மறுநாள் காலையில்தான்.

மரத்துக்கு மருந்து அடிக்கலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். பூ முழுக்க விரிந்திருக்கும்போது வேண்டாம். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பதில் ஈக்களுக்குத்தான் பெரிய பங்கு, அவையும் சேர்ந்து செத்துப்போகும். அடுத்த வருஷம் பூங்கொத்து தலைகாட்டும்போதே வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளியுங்கள். பூ உதிர்கிறதே என்று இப்போது குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்த பிறகு ஊற்றினால் போதும். நூறு பூவில் ஒன்றுகூடக் காயாவதில்லை, மாமரத்தின் கணக்கே அப்படித்தான்.

கேள்வி: எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். முற்றத்து இரும்பு ஊஞ்சலுக்கு வருஷாவருஷம் பெயிண்ட் அடித்தும் துரு மேலே வந்துவிடுகிறது. ஊஞ்சலை ஒட்டி என்ன பூச்செடி வைக்கலாம்? (வாசகர், தூத்துக்குடி)

அண்ணாச்சி, நீங்கள் உப்பின் மேலேயே பெயிண்ட் அடிக்கிறீர்கள். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தால் தூள் போகும், உப்பு போகாது. தேய்த்த பிறகு நல்ல தண்ணீரில் தாராளமாகக் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி சும்மா விட்டாலும் கடல் காற்று மறுபடி உப்பைப் படிய வைத்துவிடும். பிரைமர் அடித்துவிட்டு, "செகப்பா நல்லாத்தானே இருக்கு" என்று மாதக்கணக்கில் விடுகிறவர்களும் உண்டு. பிரைமர் ஈரத்தைத் தடுக்காது. அதன் மேல் இரண்டு கோட்டு எனாமல் ஏறினால்தான் காவல். பற்றவைத்த இணைப்புகளிலும் குழாயின் அடிப்பக்கத்திலும் ஊஞ்சலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு அடியுங்கள். துரு முதலில் வருவது அங்கேதான். சங்கிலி வளையங்கள் உரசும் இடத்தில் பெயிண்ட் நிற்காது, கிரீஸ் தடவுங்கள். அப்படியே கொக்கி தேய்ந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

செடிக்குக் காகிதப்பூவே போதும். உப்புக்காற்றைத் தாங்கும், இந்த மாதங்களில் கொட்டிப் பூக்கும். தண்ணீரைக் குறைத்தால் இன்னும் அதிகமாகப் பூக்கும். முள் இருப்பதால் ஊஞ்சல் போய்வரும் தூரத்துக்கு அப்பால் நடுங்கள். அரளியும் அங்கே நன்றாக வரும்தான். ஆனால் குழந்தைகள் ஆடுகிற இடம், அரளியில் வேர் முதல் பூ வரை எல்லாமே விஷம். நான் வைக்க மாட்டேன்.

கேள்வி: தாத்தாவின் சாய்வு நாற்காலி, நீளக் கைப்பிடியும் பிரம்புப் பின்னலும் உள்ளது, அழுக்கேறிக் கிடக்கிறது. மகன் அதற்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்துத் தோட்டத்தில் போடலாம் என்கிறான். (வாசகி, தஞ்சாவூர்)

மகனிடம் பிரஷ்ஷைப் பிடுங்கி ஒளித்து வையுங்கள்.

முதலில் நாற்காலியைக் கவிழ்த்து, யார் கண்ணிலும் படாத அடிக்கட்டையில் உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். பொன்பழுப்பாக வந்து, லேசாக எண்ணெய்ப் பசை தெரிந்தால் தேக்கு. கரும்பழுப்பில் ஊதாக் கோடு ஓடினால் ஈட்டி மரம். இரண்டில் எதுவாக இருந்தாலும் அதை வெள்ளையில் மூழ்கடிப்பது பாவம். மாமரப் பலகையிலோ பிளைவுட்டிலோ செய்த மேஜை இருந்தால் அதற்கு அவன் வானவில்லே அடிக்கட்டும்.

கறுப்பாக இருப்பதெல்லாம் அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள், பழைய அரக்குப் பாலிஷும் அழுக்கும் ஒன்றாகக் கலந்து படிந்திருக்கும். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து ஓர் ஓரத்தில் துடையுங்கள். பழுப்பாகக் கரைந்து வந்தால் அரக்குதான். மெதுவாகத் துடைத்தெடுத்து, மறுபடி அரக்குப் பாலிஷே போடலாம். தெரிந்த பாலிஷ்காரர் இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள், கை பழகிய வேலை அது. ஒரு விஷயம்: அரக்குக்குத் தண்ணீர் ஆகாது, ஈரம் பட்ட இடம் வெளுத்துவிடும். அதனால் அந்த நாற்காலி திண்ணையோடு நிற்கட்டும். தோட்டத்துப் பூவைத் திண்ணையிலிருந்தே பார்க்கலாமே.

பிரம்புப் பின்னல் தொய்ந்திருந்து, இழை எதுவும் அறுபடாமல் இருந்தால் செலவே இல்லை. அடிப்பக்கத்தில் வெந்நீர்த் துணியை ஒற்றி ஒற்றி நன்றாக நனைத்து, காற்றாடக் காயவிடுங்கள். காயும்போது தானாக இறுகும். காயும் வரை யாரையும் உட்கார விடாதீர்கள், பூனையையும்தான்.

கேள்வி: நான் குழந்தையாகப் படுத்திருந்த மரத் தொட்டில் இருக்கிறது. பச்சையும் சிவப்புமாகப் பெயிண்ட் உரிந்து நிற்கிறது. மாடியில் வைத்து நானே தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடித்தால் பேரனுக்கு ஆகுமா? (வாசகி, கரூர்)

ஆசை புரிகிறது. இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பழைய எனாமலில், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் சேர்ப்பது சர்வசாதாரணமாக இருந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்ததே 2016-ல். அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். உங்கள் தொட்டில் அதற்கு எவ்வளவோ முந்தியது. உலர்ந்த பெயிண்டைத் தேய்த்தால் கிளம்பும் தூள் கையிலும் துணியிலும் ஒட்டி, குழந்தையின் வாய்க்குப் போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தொட்டில் கம்பியைக் கடித்துப் பார்க்காத குழந்தையும் உண்டா?

மாடியில் கீரைத் தொட்டி வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம், மண்ணில் விழுந்த ஈயம் அங்கேயே தங்கிவிடும். உரிகிற பெயிண்டை அப்படியே விட்டாலும் சில்லு உதிரும். ஆகவே பேரன் நடமாடாத அறையில் துணி சுற்றி எடுத்து வையுங்கள். அவனுக்குப் பருத்திச் சேலையில் தூளி கட்டுங்கள். அவ்வளவு சுகமான படுக்கை எந்தக் கடையிலும் கிடைக்காது.

கேள்வி: பக்கத்து வீட்டுக் குண்டுமல்லி மொட்டு வைத்துவிட்டது. என் செடி இலையாகவே நிற்கிறது. (வாசகி, மேலூர்)

அவர்கள் கார்த்திகையில் கவாத்து செய்திருப்பார்கள், நீங்கள் செய்யவில்லை. நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டிவிட்டால் மார்ச்சில் பூக்கும். இந்த வருஷம் காய்ந்த குச்சி, மெலிந்த கிளைகளை மட்டும் எடுத்துவிட்டு, தொழு உரம் வைத்து, செடியை நல்ல வெயிலில் நிற்க வையுங்கள். பூ தாமதமாக வரும், ஆனால் வரும்.

கேள்வி: வேப்பமரத்தடியில் பழைய இரும்பு மேஜைக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிக்கலாமா? பங்குனியில் அங்கேதான் துணி விரித்து ரசத்துக்குப் பூ சேர்ப்போம். (வாசகர், விருதுநகர்)

அந்தத் துணியை விரிக்கிற இடத்தில் ஸ்பிரே வேண்டாம். காற்றில் அது மேஜையைத் தாண்டிப் பல அடி போகும், இலையிலும் மொட்டிலும் படியும். மேஜையை மரத்திலிருந்து தள்ளி, சுவர் ஓரம் கொண்டு போய், மரம் மொட்டு விடுவதற்குள் இந்த மாசியிலேயே முடித்துவிடுங்கள். ஸ்பிரேயைவிட பிரஷ்தான் நல்லது, பெயிண்டும் மிச்சம். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேண்டிய பூவைத் தனியாகக் காயவைக்க மறக்காதீர்கள், ரசத்திலேயே எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிற வீடுகள் எனக்குத் தெரியும்.