பாஸ் யார் பேரில் இருக்கிறது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, 27 வருடமாகப் பீடி சுற்றுகிறேன். "வேலை, நியாயமான கூலி, சாப்பாடு, படிப்பு, வைத்தியம் எல்லாம் மனிதரின் உரிமை என்று ஐ.நா. ஒப்பந்தம் இருக்கிறது, 1979-லேயே இந்தியா அதில் சேர்ந்துவிட்டது" என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். நான் பிறப்பதற்கு முந்திய ஒப்பந்தம். அதனால் எங்கள் வீட்டுக்கு என்ன வந்தது?
– ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: மகள் சொன்னது சரிதான் அம்மா. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் ஒப்பந்தம் 1966 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறியது. 1979 ஏப்ரல் 10 அன்று இந்தியா அதில் சேர்ந்தது. ஆனால், கையில் இருக்கும் வசதிக்குத் தக்கபடி 'படிப்படியாக' நிறைவேற்ற வேண்டும் என்றுதான் அதன் இரண்டாம் பிரிவு சொல்கிறது. அந்தப் 'படிப்படியாக' என்ற சொல்லுக்குள்தான் உங்கள் 27 வருடமும் போய்விட்டது.

நான் மேலப்பாளையத்துக்காரன். என் உம்மாவும் பீடி சுற்றியவர். ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார். விடிந்ததும் வெட்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்து நாங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து முனை மடக்கிக் கொடுப்போம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் அன்றும் கூலி, இன்றும் கூலி.

மத்தியானச் சோறு எனக்குப் பள்ளிக்கூடத்தில். அந்தச் சோறு இல்லையென்றால் மூன்றாம் வகுப்போடு நானும் பீடித் தட்டை மடியில் எடுத்திருப்பேன். 1956-ல் காமராஜர் எட்டயபுரத்தில் தொடங்கிய திட்டம் அது. எட்டயபுரம் அப்போது நம் நெல்லை மாவட்டம். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2013-ல் உணவுப் பாதுகாப்பே சட்டமானது. நம் ஊரில் தொடங்கிய ஒன்று நாட்டுக்கே உரிமையாக வளர்ந்ததில் எனக்குப் பெருமை உண்டு. ரேஷன் கடையிலும் அப்படித்தான். அரிசி அட்டை இருந்தால் போதும், 'நீ ஏழைதான் என்று காட்டு' என்று தமிழ்நாட்டில் யாரும் உங்களைக் கேட்பதில்லை.

வேலை விஷயத்துக்கு வந்தால் மனசு கனக்கிறது. சட்டம் இல்லாமல் இல்லை. ஐ.நா. ஒப்பந்தம் நிறைவேறிய அதே 1966-ல்தான் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இங்கே வந்தது. வீட்டுத் திண்ணையில் இருந்து சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்று அது ஒப்புக்கொண்டது. 1977-ல் வைப்பு நிதியும் வந்தது. ஆனால் அதை வாங்கப் பாஸ் வேண்டும், அதாவது பீடிக்கடை தொழிலாளியின் பேரில் போட்டுத் தரும் கணக்குப் புத்தகம். உம்மா இருபது வருடத்துக்கு மேல் சுற்றினார். அதில் பாதி, அடுத்த வீட்டு மாமியின் பாஸில். புதுப் பாஸ் போட முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். கணக்கு முடித்தபோது அந்த வருடங்களின் பணம் மாமி பேருக்குத்தான் வந்தது. மாமி அதை எண்ணி, உம்மாவின் பங்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார். எந்தச் சட்டமும் அவரைக் கொடுக்கச் சொல்லவில்லை. வழக்கறிஞராகி இத்தனை வருடத்தில் அந்த மாமியைப் போல இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

எல்லோருக்கும் என்று கொடுத்தவை வீடு வந்து சேர்ந்தன. ஆதாரம் காட்டினால்தான் என்று கொடுத்தவை பீடிக்கடை வாசலிலேயே நிற்கின்றன. நான் கண்டது இதுதான்.

ஆகவே முதலில் உங்கள் பாஸை எடுத்துப் பாருங்கள். உங்கள் பேரில் இருக்கிறதா? பேரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே வைப்பு நிதிக் கணக்கில் இருக்கின்றனவா? ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்த விண்ணப்பம் கொடுங்கள். 58 வயதில் அலைய வேண்டாம். பத்து வருடச் சேவை கணக்கில் இருந்தால் ஓய்வூதியம் உண்டு. 2014 முதல் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். 'போதுமான வாழ்க்கைத் தரம்' எல்லோருக்கும் வேண்டும் என்கிறது ஒப்பந்தத்தின் 11-ம் பிரிவு. ஆயிரம் ரூபாயில் அது நடக்காது. அதைக் கூட்டக் கேட்பது பிச்சை இல்லை அம்மா.

கேள்வி: பேச்சுரிமை பறிபோனால் நீதிமன்றம் போகலாம். கூலிக்கும் வீட்டுக்கும் ஏன் அப்படிப் போக முடிவதில்லை?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: இவற்றை நம் அரசியலமைப்பு, அரசு ஆட்சி நடத்தும்போது மனதில் கொள்ள வேண்டிய வழிகாட்டு நெறிகளில் வைத்தது. அவற்றை நீதிமன்றம் மூலம் அமல்படுத்த முடியாது என்று 37-ம் பிரிவு சொல்கிறது. நீதிபதிகள்தான் 21-ம் பிரிவின் 'உயிர்' என்ற சொல்லை விரித்து வழி திறந்தார்கள். 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் பிழைப்பும் உயிரில் அடக்கம் என்றார்கள். (அந்த மக்களை அப்புறப்படுத்த அதே தீர்ப்பு அனுமதித்தது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.) 1993-ல் கல்வியும் அதில் அடக்கம் என்றார்கள். 2002-ல் அதற்கென அரசியலமைப்பே திருத்தப்பட்டு, இன்று 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு அது அடிப்படை உரிமை. கூலிக்கு இன்னும் அந்த இடம் கிடைக்கவில்லை.

மேலே சொன்ன 1966 ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவுக்குத் தனி மனிதர் நேராகப் புகார் அனுப்ப வழி செய்யும் விருப்ப நெறிமுறை (விரும்பும் நாடுகள் மட்டும் சேரும் துணை ஒப்பந்தம்) 2013-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதில் சேரவில்லை. சேர வேண்டும் என்று நான் கேட்கிறேன், நீங்களும் கேளுங்கள். அதுவரை நமக்குத் திங்கட்கிழமை மனு நாளும் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகமும் இருக்கின்றன. மனு எழுதத் தெரியாத பீடித் தொழிலாளிகள் அங்கே நிறையப் பேர் வருகிறார்கள். வாரம் ஒரு மணி நேரம் போய் அவர்களுக்கு எழுதிக் கொடுங்கள் தம்பி.