கிம்ச்சி சாப்பிட்டதும் உதடு அரிக்கிறது: காரம்தான் காரணமா?

கேள்வி: தென்கொரியாவின் டேஜியோன் நகருக்கு ஆய்வு மாணவனாக வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. இறால் சாப்பிட்டால் உடம்பில் தடிப்பு வரும் என்பதால் சிறு வயது முதலே அதைத் தொடுவதில்லை. இங்கே கிம்ச்சி என்ற காரமான முட்டைக்கோஸ் ஊறுகாயைச் சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடும் தொண்டையும் அரிக்கின்றன. காரம் பழகினால் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். இரவில் ராம்யோன் என்ற உடனடி சூப் நூடுல்ஸ் சாப்பிட்டால் காலையில் முகம் உப்பியிருக்கிறது. கொரிய உணவையே நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: காரம் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். மிளகாயின் எரிச்சல் சற்று நேரத்தில் தானாக அடங்கிவிடும். இறால் ஆகாத ஒருவருக்கு உதடும் தொண்டையும் அரித்தால் முதலில் ஒவ்வாமையைத்தான் சந்தேகிக்க வேண்டும். கிம்ச்சியில் மிளகாய்த்தூளும் பூண்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால், சின்னஞ்சிறு இறாலை உப்பிலிட்டு நொதிக்கவைத்த சேவுஜோத் என்ற பண்டமும் நெத்திலிச் சாறும் பெரும்பாலும் அதில் சேர்க்கப்படுகின்றன. அந்த இறால் மசாலாவோடு கரைந்து, முட்டைக்கோஸ் மடல்களுக்கிடையே அடையாளமே தெரியாமல் கலந்திருக்கும். இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணமான ட்ரோபோமயோசின் என்ற புரதம் வேகவைத்தாலும் எளிதில் சிதைவதில்லை. நொதித்துவிட்டதால் ஆபத்தில்லை என்றும் நம்ப முடியாது.

இதே சேவுஜோத், அவித்த முட்டைப் பதார்த்தமான கேரன்ஜிம்மிலும் உப்புக்குப் பதிலாகச் சேர்க்கப்படுவதுண்டு. காரக் குழம்பில் வேகவைத்த அரிசிக் கொழுக்கட்டையான தொக்போக்கியில் போடப்படும், அரைத்த மீனில் செய்த மீன் கேக்கிலும் இறால் இருக்கக்கூடும். நெத்திலி மீன் வகையைச் சேர்ந்தது என்பதால், இறால் ஆகாதவர்கள் எல்லோருக்கும் அது ஆகாது என்பதில்லை. உங்களுக்கு எது ஆகாது என்பதை ஒவ்வாமை மருத்துவரிடம் தோல் குத்துப் பரிசோதனையோ ஒவ்வாமையோடு தொடர்புடைய ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருளை அளக்கும் ரத்தப் பரிசோதனையோ செய்து அறிவதே முறை. அதுவரை, கொஞ்சமாகத் தின்று பார்க்கலாம் என்ற சோதனையை அறையில் தனியாக இருக்கும்போது செய்யவே கூடாது. மூச்சுத் திணறல், குரல் கம்முதல், நாக்கு வீங்குதல், தலைசுற்றல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே 119 என்ற அவசர உதவி எண்ணை அழையுங்கள். அரிப்புக்கான மாத்திரை அந்த நிலையில் உயிரைக் காக்காது. அப்போது தேவைப்படுவது அட்ரினலின் ஊசி. அதை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டுமா என்பதையும் அதே மருத்துவரிடம் கேளுங்கள். ஆஸ்துமா இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

முகம் உப்புவதற்கு உப்பே காரணமாக இருக்கலாம். ஒரு பொட்டலம் ராம்யோனில் பெரும்பாலும் 1,700 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் இருக்கிறது. நாள் முழுவதற்குமே 2,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதோடு வரும் மசாலாப் பொடியில் பாதியை மட்டும் போட்டு, சாற்றைக் குடிக்காமல் கிண்ணத்திலேயே விட்டுவிடுங்கள். அதன் பிறகும் வீக்கம் தொடர்ந்தால் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதிக்க வேண்டும்.

கொரிய உணவை நிறுத்த வேண்டியதில்லை. அங்கே பொட்டல உணவுகளில், சேர்மானப் பட்டியலுக்கு அருகே ஒவ்வாமைப் பொருள்களைத் தனிக் கட்டத்தில் அச்சிடுகிறார்கள். இறாலும் அதில் கட்டாயம் இடம்பெறும். இறால் சேர்க்காத சைவக் கிம்ச்சியும் விற்பனைக்குக் கிடைக்கிறது. சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை அச்சமின்றிச் சாப்பிடலாம். உணவகங்களில் இலவசமாக வைக்கும் தொடுகறிகளுக்கு இத்தகைய கட்டம் இல்லாததால்தான் அங்கே கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. "எனக்கு இறால் ஒவ்வாமை உண்டு, சேவுஜோத்தும் ஆகாது" என்று உடன் பயிலும் கொரிய மாணவர் ஒருவரைக் கொரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லி, உணவு கேட்பதற்கு முன்பே அந்தச் சீட்டைப் பரிமாறுபவரிடம் காட்டுங்கள்.