மாநில எல்லை தாண்டித் துப்பாக்கி லோயர் வாங்கலாமா?

கேள்வி: கன்சாஸ் மாநிலம் ஓவர்லேண்ட் பார்க்கில் இருக்கிறேன். வயது 38, கிரீன் கார்டு இருக்கிறது. போன வருடம் எல்லைக்கு அந்தப் பக்கம் மிசௌரியில் ஒரு கடையில் வேட்டை ரைஃபிள் வாங்கினேன். படிவம் எழுதிக் கொடுத்த அரை மணியில் கையில் தந்துவிட்டார்கள். இப்போது அதே கடையில் ஏ.ஆர்-15 துப்பாக்கியின் லோயர் ரிசீவர் (விசை பொருந்தும் கீழ்ப்பாகம்) கேட்டால், "நீங்கள் வேறு மாநிலம், தர முடியாது" என்கிறார்கள். முழுத் துப்பாக்கியைத் தந்தவர்கள் வெறும் அலுமினியக் கூட்டைத் தர மறுப்பது என்ன நியாயம்? கன் ஷோவில் (துப்பாக்கிக் கண்காட்சியில்) பார்த்த மிசௌரிக்காரர் ஒருவர், தன் பெயரில் வாங்கி 50 டாலர் கூடுதலுக்கு எனக்குத் தருவதாகச் சொல்கிறார். லேக் ஆஃப் தி ஓசார்க்ஸ் ஏரிக்கரையில் எங்களுக்குச் சிறிய வீடு ஒன்றும் உண்டு. அதை வைத்து ஏதாவது வழி இருக்கிறதா?

பதில்: கடைக்காரர் சொன்னது சரி. கன் ஷோக்காரர் சொல்வது உங்களைச் சிறைக்கு அனுப்பும் வழி. ஏரிக்கரை வீட்டில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

நியாயம் கேட்டிருக்கிறீர்கள். நியாயம் இல்லை, சட்டம்தான் இருக்கிறது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்வது இதுதான்: உரிமம் பெற்ற கடைக்காரர் வேறு மாநிலத்தில் குடியிருப்பவருக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. ரைஃபிள், ஷாட்கன் இரண்டை மட்டும் விற்கலாம். வாங்குபவர் நேரில் வர வேண்டும், விற்பனை இரண்டு மாநிலச் சட்டங்களுக்கும் ஒத்துவர வேண்டும். முதலில் பக்கத்து மாநிலத்தவருக்கு மட்டும் இருந்த இந்தச் சலுகை 1986இல் எல்லா மாநிலத்தவருக்கும் என்று ஆனது. போன வருடம் உங்களுக்கு ரைஃபிள் கிடைத்தது இந்த வாசல் வழியாகத்தான்.

ரிசீவர் அந்த வாசலில் நுழையாது. சட்டத்தின் கண்ணில் ரிசீவர் ஒரு துப்பாக்கி. தனியாக, குழல் இல்லாமல், ஒரு திருகுகூட மாட்டாமல் இருந்தாலும் அது துப்பாக்கிதான். வரிசை எண் பொறிக்கப்பட்டிருப்பது அதில்தான். ஆனால் அது ரைஃபிள் இல்லை. ரைஃபிள் என்றால் தோளில் வைத்துச் சுடும்படி செய்யப்பட்டிருக்க வேண்டும். வெறும் லோயரில் தோளுக்கு வைக்கும் கட்டையே கிடையாது. நாளைக்கு அதை ரைஃபிளாகவும் கட்டலாம், கைத்துப்பாக்கியாகவும் கட்டலாம். அதனால் கடையில் வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் அது "மற்றவை" என்ற கட்டத்தில் போகிறது. அந்தக் கட்டத்தில் இருப்பவற்றுக்கு விதி கைத்துப்பாக்கிக்கு உள்ளதுதான்: கடையில் வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், அதே மாநிலத்தில் குடியிருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அதே கடைக்காரர் அதே லோயரின் மேல் ஒரு அப்பரை (குழல் உள்ள மேல்பாகம்) மாட்டி, பின்னால் கட்டை பொருத்தி, முழு ரைஃபிளாக வைத்திருந்தால் இன்றைக்கே உங்களுக்கு விற்கலாம். நீங்கள் வீட்டுக்கு எடுத்து வந்து அவற்றைக் கழற்றி வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அப்பர் மட்டும் வேண்டுமென்றால் படிவமே தேவையில்லை, தபாலில் வரும். குழல் இருக்கிற பாகத்துக்குக் காகிதம் இல்லை, குழல் இல்லாத பாகத்துக்கு இத்தனை காகிதம்! கடைகளின் படிவங்களைச் சரிபார்க்கும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டேன், இன்னும் இதை யாருக்கும் முகம் சுளிக்காமல் விளக்க முடிந்ததில்லை. ஷாட்கன்னிலும் இதே கூத்துதான். ஆலையிலிருந்தே தோள்கட்டை இல்லாமல் கைப்பிடியோடு மட்டும் வரும் மாஸ்பெர்க் ஷாக்வேவ் போன்றவை பார்க்க ஷாட்கன்தான், ஆனால் சட்டப்படி ஷாட்கன் இல்லை. எல்லை தாண்டி வாங்கப் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் நிறைய.

இப்போது அந்த 50 டாலர்காரர். இதை நன்றாகக் கேளுங்கள்.

4473 படிவத்தில் ஒரு கேள்வி வரும்: இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா? அவர் உங்கள் பணத்தில், உங்களுக்காக வாங்கிவிட்டு அதற்கு "ஆம்" என்று எழுதினால், எழுதிய நிமிடமே குற்றம். "நான் குற்றவாளி இல்லையே, நானே வாங்கத் தகுதி உள்ளவன்தானே" என்று கேட்பீர்கள். அதே வாதத்தை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் ஒருவர் இருக்கிறார். வர்ஜீனியாவைச் சேர்ந்த முன்னாள் போலீஸ்காரர் புரூஸ் ஆப்ராம்ஸ்கி. பென்சில்வேனியாவில் இருந்த மாமாவுக்காக ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினார். மாமாவும் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர். அதைவிட, பென்சில்வேனியாவில் உரிமம் பெற்ற கடை வழியாக, பின்னணிச் சோதனை எல்லாம் முடித்துத்தான் மாமாவிடம் ஒப்படைத்தார். ஆனால் மாமா முன்கூட்டியே 400 டாலர் காசோலை அனுப்பி, அதிலேயே "கிளாக் 19" என்று எழுதியும் வைத்திருந்தார். 2014இல் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு ஆப்ராம்ஸ்கிக்கு எதிராக வந்தது. அவ்வளவு ஒழுங்காகச் செய்தவருக்கே அந்தக் கதி. கன் ஷோ வாசலில் நின்று பேரம் பேசுகிற உங்கள் ஆளின் கதி என்ன ஆகும்?

அதோடு முடியவில்லை. உரிமம் இல்லாத ஒருவர், வாங்குபவர் வேறு மாநிலத்தவர் என்று தெரிந்தே துப்பாக்கியைக் கைமாற்றுவது தனிக் குற்றம். நீங்கள் அதை வாங்கிக் கன்சாஸுக்குக் கொண்டுவருவது இன்னொரு குற்றம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு வரை சிறை. கன்சாஸ் சிட்டியில் ஸ்டேட் லைன் ரோடு என்று ஒரு தெரு இருக்கிறதே, ஒரு ஓரம் கன்சாஸ், மறு ஓரம் மிசௌரி. "நான் உங்கள் பக்கத்துக்கு வந்து தருகிறேன், அப்போது உள்ளூர் விற்பனைதானே" என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஓரத்தில் நிற்கிறீர்கள் என்பது கணக்கே இல்லை, எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. 2022இல் வந்த சட்டம், துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியில்லாதவருக்காகவோ குற்றத்துக்குப் பயன்படுத்தப்போகிறவருக்காகவோ தெரிந்தே பினாமியாக வாங்குவதைத் தனிக் குற்றமாக்கி, 15 ஆண்டு வரை தண்டனை வைத்திருக்கிறது.

கிரீன் கார்டுக்காரருக்கு இன்னொரு பயமும் உண்டு. நாடு கடத்துவதற்கான காரணங்களில் துப்பாக்கிக் குற்றத்தைக் குடியேற்றச் சட்டம் தனியாகப் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. 50 டாலர் விஷயத்துக்கு வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் பணயம் வைக்காதீர்கள். படிவத்தில் குடியுரிமை நாடு என்ற இடத்தில் "இந்தியா" என்றே எழுதி, கார்டில் உள்ள ஏ-எண்ணையும் (உங்கள் குடியேற்றப் பதிவு எண்) எழுதுங்கள். அவசரத்தில் "அமெரிக்கா என்று டிக் பண்ணிவிடுங்கள், சீக்கிரம் முடியும்" என்று சொல்லும் கடைப் பையன்கள் உண்டு. குடிமகன் என்று பொய் சொன்ன பழி அவன் தலையில் விழாது. எச்-1பியில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போக வேண்டாம், அவர்களுக்கு நிலைமையே வேறு.

இன்னொரு வலையும் விரிப்பார்கள்: "80 சதவீத லோயர், காகிதமே வேண்டாம்." பாதி முடித்த கூட்டையும் கருவிகளையும் ஒரே பெட்டியில் போட்டு விற்ற காலம் ஒன்று இருந்தது. அப்படிப்பட்ட பெட்டிகளையும் துப்பாக்கியாகக் கருதலாம் என்ற ஏ.டி.எஃப் (துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய அரசுத் துறை) விதியை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7-2 என்று ஏற்றுக்கொண்டது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சரி, வழி என்ன? சுலபமானதுதான். மிசௌரிக் கடையிலேயே பணம் கட்டுங்கள், லோயரைக் கன்சாஸில் உரிமம் உள்ள ஒரு கடைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கன்சாஸ் கடை தன் உரிம நகலை அவர்களுக்கு அனுப்பும். சரக்கு வந்ததும் நீங்கள் அங்கே போய்ப் படிவம் எழுதி, எஃப்.பி.ஐ சோதனை முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது ஏரிக்கரை வீடு. இரண்டு மாநிலத்தில் வீடு வைத்து, இரண்டிலும் உண்மையாகவே வசிப்பவரை, அந்தந்தச் சமயத்தில் அவர் இருக்கும் மாநிலத்தவர் என்றே விதி ஏற்கிறது. வார நாளில் கன்சாஸ், வார இறுதியில் ஏரிக்கரை என்று வாழ்ந்தால், ஏரிக்கரையில் இருக்கிற அந்த நாட்களில் நீங்கள் மிசௌரிக்காரர். அப்போது அங்கே லோயர் வாங்கலாம். ஆனால் வீடு உங்கள் பெயரில் இருப்பது மட்டும் போதாது. அதை வாடகைக்கு விட்டிருந்தால் அங்கே குடியிருப்பவர் வாடகைக்காரர், நீங்கள் இல்லை. வருடத்துக்கு ஒரு முறை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள் என்றாலும் கதை நடக்காது. செவ்வாய்க்கிழமை மாலை அலுவலகம் முடிந்து ஓவர்லேண்ட் பார்க்கிலிருந்து காரை ஓட்டிப்போய், "எனக்கு இங்கே வீடு இருக்கிறது" என்றும் சொல்ல முடியாது, அன்றைக்கு நீங்கள் கன்சாஸ்காரர். கன்சாஸ் ஓட்டுநர் லைசென்ஸோடு, மிசௌரி முகவரி போட்ட அரசாங்கக் காகிதம் ஒன்றும் காட்ட வேண்டும். அந்த வீட்டுச் சொத்து வரி ரசீது அல்லது அந்த முகவரியில் பதிந்த வண்டியின் பதிவுச் சீட்டு ஆகும். தனியார் இன்டர்நெட் பில் ஆகாது. வாக்காளர் அட்டையும் ஏற்பார்கள், ஆனால் குடிமகன் அல்லாத உங்களிடம் அது இருக்கவே கூடாது. இவ்வளவும் கையில் இருந்தும் கடைக்காரர் தலையாட்டாவிட்டால் சண்டை போடாதீர்கள். விற்க வேண்டும் என்று அவருக்குக் கட்டாயம் இல்லை, தவறினால் போவது அவர் உரிமம். என்னைக் கேட்டால் உங்கள் விஷயத்தில் கன்சாஸ் கடை வழியே போதும்.

அப்புறம் ஒன்று. கன்சாஸ் கடைக்கு முதலில் போன் செய்து, வெளியிலிருந்து வரும் சரக்கை வாங்கித் தருவார்களா, கூலி எவ்வளவு என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு மிசௌரியில் பணம் கட்டுங்கள். கூலி கடைக்குக் கடை மாறும். லைசென்ஸில் பழைய முகவரி இருந்தால் முதலில் மாற்றுங்கள். படிவத்தில் பெயரை லைசென்ஸில் உள்ளபடியே எழுதுங்கள், இனிஷியலை விரிப்பதும் சுருக்குவதும் வேண்டாம். அப்பா பெயர் கடைசிப் பெயராக நிற்கும் நம்மவர்களுக்குச் சோதனையில் "தாமதம்" என்று வருவதை அடிக்கடி பார்க்கிறேன். மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் கடைக்காரர் தன் விருப்பப்படி தரலாம், பலர் தர மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் அப்படி ஆனால், எஃப்.பி.ஐயிடம் எழுதிக் கேட்டு உங்களுக்கென்று ஒரு தனி அடையாள எண் வாங்கிக்கொள்ளலாம். கொஞ்ச நாள் பிடிக்கும்.