டயர் காற்று விளக்கு அடிக்கடி எரிகிறது, ரீசெட் அழுத்தினால் போய்விடுகிறது. அப்படியே ஓட்டலாமா?

உங்கள் காரில் ஒவ்வொரு டயரின் காற்றும் எண்ணாகத் தெரியாது, மஞ்சள் விளக்கு மட்டும்தான் வரும் என்று எடுத்துக்கொள்கிறேன். என்னுடையதும் அதே ரகம். நானும் இரண்டு வாரம் ரீசெட் அழுத்தியே ஓட்டியவன்.

பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். டிசம்பர் காலைக் குளிரில் காற்று குறைவது சகஜம், 10 டிகிரி இறங்கினால் ஒன்றரை பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அளவு) போல இறங்கும். அதனால்தான் விளக்கு வருகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஆனால் இந்த ரகக் காரில் டயருக்குள் சென்சாரே கிடையாது. காற்று இறங்கிய சக்கரம் கொஞ்சம் சிறுத்து, மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் வழியாக, நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டு அதைக் கார் கண்டுபிடிக்கிறது. குளிரில் நான்கும் சேர்ந்தே குறையுமே, அப்புறம் எப்படி விளக்கு வரும்? இது எனக்கு அன்று தோன்றவில்லை. ரீசெட் என்றால் ‘இப்போது இருப்பதே சரியான காற்று’ என்று காருக்குச் சொல்லிக்கொடுப்பது. ஆணி ஏறிய டயரை வைத்துக்கொண்டு அதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சேலத்தில் ஒரு நிச்சயதார்த்தம். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் பாதி தூரம் போனதும், பின்சீட்டில் இருந்த மாமியார், “மாப்பிள்ளை, வண்டி பின்னாடி ஒரு மாதிரி ஆடுதுங்களே” என்றார். மேலே நிறுத்தப் பயந்து, இறங்கும்வரை ஓட்டிவிட்டேன். பங்க்சர் கடைக்காரர் டயரைக் கழற்றிக் கவிழ்த்தார். உள்ளிருந்து கரிப்பொடி போல ரப்பர் தூள் கொட்டியது. “சைடு வால் போச்சு சார், ஒட்ட முடியாது.” டயரின் பக்கச் சுவரைச் சொன்னார். டிக்கியில் ஸ்டெப்னியும் இல்லை. டியூப்லெஸ் டயர், எச்சரிக்கை விளக்கு, பங்க்சர் கிட் இருந்தால் ஸ்டெப்னி வேண்டாம் என்று 2020-ல் விதியைத் திருத்திவிட்டார்களே! அந்த கிட் சைடு வால் கிழிசலுக்கு உதவாது. புது டயர் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது.

‘மேனுவல் படிக்காதது உன் தப்பு’ என்று எழுத வருகிறவர்களுக்கு: ஆமாம், என் தப்புதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வண்டி குளிர்ந்திருக்கும்போது, டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நான்கிலும் காற்றடியுங்கள். டயர் மேல் இருப்பது அதிகபட்ச அளவு, அதைப் பார்க்காதீர்கள். அதன்பிறகுதான் ரீசெட். சில நாளில் திரும்ப எரிந்தால் பங்க்சர் கடைக்குப் போங்கள். வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் போல மின்னிவிட்டு நிலையாக எரிந்தால், கோளாறு அந்த அமைப்பிலேயே இருக்கிறது.

சொல்லாமல் இருக்க முடியவில்லை: எங்கள் அபார்ட்மென்டில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு காற்றடிக்கும் மெஷின் வாங்கலாம் என்று கூட்டத்தில் கேட்டேன். ‘அனாவசியச் செலவு’ என்றார் செயலாளர். அதே கூட்டத்தில் வாசலுக்குச் செயற்கை நீரூற்று பாஸானது. நானே சிகரெட் லைட்டரில் மாட்டுகிற சின்ன மெஷின் ஒன்று வாங்கிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அதை இரவல் கேட்டு வந்தவர் செயலாளர்தான்.