குறைமாதக் குழந்தையோடு ஏற்காடு ஏறலாமா?

கேள்வி: நாங்கள் ஏற்காட்டில் நாகலூர் பக்கம். எனக்குக் காபி எஸ்டேட்டில் வேலை. மனைவிக்கு 31 வாரத்திலேயே வலி வந்து சேலத்தில் பிரசவம் ஆனது. பெண் குழந்தை, 1,400 கிராம். இன்றைக்கு 26 நாள், 1,650 கிராம் இருக்கிறாள். இன்குபேட்டர் பொட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம், நெஞ்சோடு கட்டிவைத்துப் பாருங்கள் என்கிறார்கள். மேலே குளிர் அதிகம். பொட்டியில் இருந்த பிள்ளையை வெறும் நெஞ்சுச் சூட்டில் எப்படிக் காப்பாற்றுவது என்று என் அம்மா பயப்படுகிறார். அக்கா வீடு சேலத்திலேயே அம்மாப்பேட்டையில் இருக்கிறது. அங்கே தங்குவதா, ஊருக்கே போய்விடுவதா? குழந்தைக்குக் காஃபீன் மருந்து கொடுத்ததாகச் சீட்டில் பார்த்தேன். அது காபியில் இருப்பதுதானா?

பதில்: அக்கா வீட்டில் தங்குங்கள். ஏறக்குறைய ஐந்து வாரம், அதாவது குழந்தை பிறந்திருக்க வேண்டிய தேதி வரைக்கும். அம்மா பயப்படுகிற குளிரைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: குழந்தையின் கண்.

சீட்டை எடுத்துப் பாருங்கள். விழித்திரைப் பரிசோதனை செய்ததாக எழுதியிருக்கிறதா? 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தைக்கும், 2,000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கும், பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடந்துவிட வேண்டும் என்பது நம் நாட்டு வழிமுறை. உங்கள் மகளுக்கு இன்று 26. இன்னும் நடக்கவில்லை என்றால், அதை முடித்துவிட்டு டிஸ்சார்ஜ் செய்யச் சொல்லி இன்றைக்கே கேளுங்கள்.

கண்ணின் உள்ளே விழித்திரைக்குப் போகிற ரத்தக் குழாய்கள் முழுதாகப் பரவ 40 வாரம் போல ஆகும். 31 வாரத்தில் வெளியே வந்த குழந்தைக்கு அவை பாதி வழியில் நிற்கின்றன. சில குழந்தைகளுக்கு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். இதில் கொடுமை, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண் பளிச்சென்று இருக்கும், சிவக்காது, பீளை கட்டாது. கருமணி வெள்ளையாகத் தெரிகிற சமயத்தில் பெரும்பாலும் பார்வை போயிருக்கும். சரியான நேரத்தில் பிடித்துவிட்டால் லேசரோ கண்ணுக்குள் போடும் ஊசியோ காப்பாற்றிவிடும். ஆனால் சிகிச்சை தேவை என்று தெரிந்தபின் இருப்பது இரண்டு மூன்று நாள்தான்.

அதோடு, இது ஒரு தடவை பார்த்து முடிகிற பரிசோதனை இல்லை. சொட்டு மருந்து விட்டு, கருமணி விரிகிறவரை காத்திருந்து, டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, ‘ஒரு வாரம் கழித்து வாருங்கள்’ அல்லது ‘இரண்டு வாரம் கழித்து வாருங்கள்’ என்பார். குழாய்கள் முழுதாக வளர்ந்துவிட்டன என்று அவர் வாயால் சொல்கிறவரை போய்க்கொண்டே இருக்க வேண்டும். நாகலூரிலிருந்து ஒவ்வொரு முறையும் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஏறுவது என்றால், ஒரு தடவை மழை, ஒரு தடவை வண்டி கிடைக்கவில்லை என்று தவறிப்போகும். அம்மாப்பேட்டையிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். நான் கீழே தங்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இனி அம்மாவின் பயத்துக்கு வருவோம். நெஞ்சோடு கட்டிவைப்பது பொட்டி கிடைக்காதவர்களுக்கான மாற்று ஏற்பாடு என்றுதான் மருத்துவர்களே நெடுங்காலம் நினைத்தார்கள். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல், ஒரே பொட்டியில் குழந்தைகளை நெருக்கிப் படுக்கவைத்து, தொற்று பரவித் தவித்த ஒரு மருத்துவமனையில் பிறந்த முறை அது. அதனால் அந்த எண்ணம் வந்ததில் வியப்பில்லை. அதை மாற்றியது உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2021-ல் வெளிவந்த ஆய்வு. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், நம் பக்கம் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் நடந்தது. 1,000 முதல் 1,799 கிராம் வரை எடையுள்ள 3,211 குழந்தைகள். உங்கள் மகள் பிறந்த எடையும் இதற்குள்தான் வருகிறது. ஒரு பாதிக்கு, உடல்நிலை சீராகிறவரை பொட்டி அல்லது வார்மர் (மேலிருந்து சூடு தரும் படுக்கை), அப்புறம் நெஞ்சு. மறுபாதிக்கு, பிறந்த உடனேயே நெஞ்சு. தாயையும் குழந்தைகளின் தீவிர சிகிச்சை வார்டுக்குள்ளேயே தங்கவைத்தார்கள். முதல் 28 நாளில் இறந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 15.7, இரண்டாவதில் 12. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், இனியும் ஒரு பாதிக் குழந்தைகளுக்கு இதைத் தராமல் வைப்பது நியாயமில்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

அது மருத்துவமனையில், வீட்டில் எப்படி என்று அம்மா கேட்பார். அதற்கும் பதில் இருக்கிறது. ஹரியானா கிராமங்களில் 8,000-க்கும் மேற்பட்ட எடை குறைந்த குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2019-ல் வந்தது. 1,500 முதல் 2,250 கிராம் வரை உள்ள, பால் குடிக்கிற குழந்தைகள், சாதாரண வீடுகள். நெஞ்சோடு வைக்கக் கற்றுக்கொடுத்த வீடுகளில் முதல் மாத இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது.

கட்டும் விதத்தை வார்டு சிஸ்டரிடம் கையோடு செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தைக்குக் குல்லா, சாக்ஸ், நாப்கின் மட்டும். இரண்டு மார்புக்கு நடுவே நிமிர்த்தி, வயிறு உங்கள் மேல் படிய, தவளை போலக் கால்கள் மடங்கியிருக்க வேண்டும். முகம் ஒரு பக்கம் திரும்பி, தாடை சற்றே தூக்கியிருக்கட்டும். தாடை நெஞ்சில் குத்தினால் மூச்சு அடைபடும். மேலே ஒரு நைந்த பருத்திச் சேலையைக் குழந்தையின் காது மட்டம் வரை இறுக்கிச் சுற்றுங்கள். மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தூங்கும்போது முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்க வேண்டும், மல்லாந்து அல்ல. ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரமாவது எடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது; கூடக்கூட நல்லது. மனைவி ஒருவரால் இது முடியாது. அவர் குளிக்க, சாப்பிட, கண்ணசரப் போகும்போது நீங்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவும் வைக்கலாம். ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தாரானால், நான் சொன்ன புள்ளிவிவரம் எதுவும் அவருக்குத் தேவைப்படாது.

சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் புறங்கையால் வயிற்றையும் உள்ளங்காலையும் தொடுங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாக, கால் சில்லென்று இருந்தால் குளிர் ஏறுகிறது, உடனே நெஞ்சோடு சேருங்கள். வயிறும் சில்லென்று இருந்தால், நெஞ்சோடு வைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

காஃபீன்: ஆமாம், நீங்கள் பறிக்கிற பழத்தின் கொட்டையில் இருக்கிற அதே பொருள்தான், சுத்திகரித்து மருந்தாக்கியது. 34 வாரம் ஆகாத குழந்தையின் மூளை சில நேரம் மூச்சுவிட மறந்துவிடும். அதைத் தட்டி எழுப்பத்தான் இந்த மருந்து. 500 முதல் 1,250 கிராம் வரை உள்ள 2,006 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், இது மூச்சு நிற்பதைக் குறைத்ததோடு நிற்கவில்லை. ஒன்றரை வயது தாண்டிப் பார்த்தபோது மூளை வாதம் 7.3 சதவீதத்திலிருந்து 4.4 ஆகக் குறைந்திருந்தது. ஆனால் அளவு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது. வீட்டில் யாராவது காபித் தண்ணியை நாக்கில் தொட்டுவைக்கலாம் என்று யோசனை சொன்னால் கேட்காதீர்கள். டாக்டரிடம் ஒன்று கேட்க வேண்டும்: மருந்தை நிறுத்தி எத்தனை நாள் ஆகிறது? நிறுத்தியபின் ஐந்து முதல் ஏழு நாள் மூச்சு நிற்காமல் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவது வழக்கம்.

பால் தாய்ப்பால் மட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். சப்பிக் குடிக்கச் சோர்ந்தால் பீய்ச்சிப் பாலாடையில் கொடுங்கள். சர்க்கரைத் தண்ணி, தேன், உரை மருந்து எதுவும் கூடாது. சேலத்துத் தெருக்களில் கழுதைப்பால் கூவி விற்றுக்கொண்டு வருவார்கள்; பெரியவர்கள் ஆசையாகக் கூப்பிடுவார்கள். பச்சையாகக் கறந்த அந்தப் பால் இந்தக் குழந்தையின் குடலுக்கு ஆபத்து. இந்த ஒரு விஷயத்தில் யார் மனம் நோகுமோ என்று பார்க்காதீர்கள். தேங்காய் எண்ணெய் மென்மையாகத் தடவலாம். மூக்கிலும் காதிலும் விட வேண்டாம். சாம்பிராணிப் புகை, விறகடுப்புப் புகை இரண்டும் குழந்தை இருக்கும் அறைக்குள் வரக் கூடாது. நாளொன்றுக்கு 25, 30 கிராம் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். இரும்புச் சத்து, வைட்டமின் டி சொட்டு மருந்துகளைச் சீட்டில் உள்ளபடி கொடுங்கள். தடுப்பூசி பிறந்த தேதிக் கணக்குப்படி. குப்புறுவது, உட்காருவது மட்டும் பிரசவம் ஆகியிருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மனைவியை நோகடிக்காதீர்கள். காது கேட்கும் பரிசோதனையும் முடிந்ததா என்று கேளுங்கள்.

கண் டாக்டர் போதும் என்று சொல்லி, எடையும் 2,500-ஐ நெருங்கியபின் தாராளமாக மேலே போகலாம். ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரம் நல்ல நுரையீரலை ஒன்றும் செய்யாது. வீட்டில் ஆக்சிஜன் வைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் முதலில் டாக்டரைக் கேளுங்கள். பகலில், காரில், பின் சீட்டில், நெஞ்சோடு கட்டியபடி போங்கள். பைக் வேண்டாம். ஒரு வயது வரை உடம்பு சரியில்லாத குழந்தையை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக அரசு வண்டி இலவசம், அவசரத்துக்கு 108.

பால் குடிப்பதை நிறுத்திவிட்டால், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினால், நெஞ்சுக்கூடு உள்ளே குழிந்தால், மூச்சு நின்று உதடு நீலமானால், வலிப்பு வந்தால், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கிளம்புவதற்கு முன் வார்டு போன் நம்பரையும் அடுத்த கண் பரிசோதனைத் தேதியையும் சீட்டின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.