தராசு முள் நிற்கும் வரை: ‘டெலிபரேட்’ (deliberate) என்ற ஆங்கிலச் சொல் பற்றி நான்கு கேள்விகள்

ஐயா, ரக்பியில் ‘டெலிபரேட் நாக்-ஆன்’ என்கிறார்கள். பாட நூலில் கிழவி ‘டெலிபரேட்’ ஆக அடியெடுத்து வைக்கிறாள். இரண்டும் ஒன்றா?
(மாணவர், பீனிக்ஸ்)

வேர் ஒன்று, பொருள் வேறு. ‘நாக்-ஆன்’ என்றால் பந்து கையில் பட்டு முன்னால் போவது. கை தவறிப் போனால் ஸ்க்ரம், அதாவது இரு அணியும் முட்டித் தள்ளி ஆட்டத்தை மறுபடி தொடங்குவது. வேண்டுமென்றே தட்டினால் தண்டனையாக எதிரணிக்குப் பெனால்டி. அங்கே பேச்சு நோக்கத்தைப் பற்றியது. கிழவியின் நடையில் இருப்பது நிதானம். தைப்பூசத்தன்று காவடி சுமப்பவர் அடி பார்த்து வைப்பாரே, அந்த மாதிரி.

‘விடுவி’ என்று பொருள்படும் ‘லிபரேட்’டும் (liberate) இதுவும் ஒரே குடும்பம் என்று மகனின் ஆசிரியர் சொன்னாராம். சரியா?
(ஓர் அம்மா, சாட்ஸ்வர்த்)

இல்லையம்மா. ‘லிபரேட்’ வந்தது ‘விடுதலையான’ என்று பொருள்படும் லத்தீன் ‘லிபர்’ என்ற சொல்லிலிருந்து. ‘டெலிபரேட்’டுக்குள் இருப்பது ‘லிப்ரா’, அதாவது தராசு. மளிகைக் கடையில் பருப்பு நிறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தட்டில் கொட்டியதும் முள் இப்படியும் அப்படியும் ஆடும். அது நிற்கும் வரை கடைக்காரர் விலை சொல்ல மாட்டார். அந்தக் காத்திருப்புத்தான் இந்தச் சொல். நாமும் ‘சீர்தூக்கிப் பார்’ என்கிறோமே! 118-ஆம் குறளில் சான்றோருக்கு உவமையாக நிற்பதும் துலாக்கோல்தான். ரோமும் தமிழும் தனித்தனியாக ஒரே பொருளைக் கையில் எடுத்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

துலாம் ராசிக்கு ஆங்கிலத்தில் ‘லிப்ரா’ என்று பெயர் வந்ததும் இப்படித்தான். 1961-இல் தென்னாப்பிரிக்காவுக்கு ராண்ட் நாணயம் வரும்வரை நம் தாத்தாக்கள் எண்ணிய பவுண்டின் குறி, இதே ‘லிப்ரா’வின் முதல் எழுத்தான ‘எல்’ மேல் குறுக்குக் கோடு போட்டது. கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்க்கும் ‘லெவல்’ கூட ‘சிறு தராசு’ என்ற லத்தீன் சொல்லின் வழிவந்ததே.

உச்சரிப்பு எப்படி?
(பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பெயரடையானால் கடைசி அசை குறில்: ‘டிலிபரட்’. வினையானால் நெடில்: ‘டிலிபரேட்’. பாராளுமன்றம் கூடி விவாதிப்பது இரண்டாவது.

கோயில் கமிட்டிக் கடிதத்தில் ‘டெலிபரேட் டிசிஷன்’ என்பதை ‘வேண்டுமென்றே எடுத்த முடிவு’ என்று எழுதினேன். பெரியவர்கள் கோபித்துக்கொண்டார்கள். ஏன்?
(வாசகி, டர்பன்)

கோபம் நியாயம்தான். தமிழில் ‘வேண்டுமென்றே’ என்றாலே பெரும்பாலும் குற்றம் சாட்டுகிற தொனி வந்துவிடும். வம்புக்குச் செய்தது போல் கேட்கும். கமிட்டி சொல்ல வந்தது ‘நன்றாக யோசித்து எடுத்த முடிவு’. அப்படியே மாற்றி, அடுத்த கூட்டத்துக்கு முன் பெரியவர்களிடம் நேரில் கொடுத்துவிடுங்கள்.