ஹாமக்கில் படுத்தால் முதுகு மட்டும் ஏன் குளிர்கிறது? அண்டர்குயில்ட் கேள்வி பதில்

மார்கழி, தையில் மலைக்குப் போகிற நம்ம பக்கத்து ஆட்கள் பலர், இரண்டு மரங்களுக்கு நடுவில் கட்டிப் படுக்கும் துணித் தூளியான ஹாமக்குக்கு அடியில் கட்டும் மெத்தையான அண்டர்குயில்ட் பற்றிக் கேட்டிருந்தார்கள். கேள்விகளும் பதில்களும் கீழே.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, என்னிடம் நல்ல ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து படுக்கும் பஞ்சுப் பை) இருக்கிறது. ஆனாலும் கொடைக்கானலில் ஹாமக்கில் படுத்து முதுகு விறைத்துவிட்டது. பேக் சரியில்லையா?

பேக் மேல் குற்றமில்லை தம்பி. பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. நீங்கள் படுத்ததும் முதுகுக்கு அடியில் இருக்கும் பஞ்சு நசுங்கி, அந்தக் காற்று போய்விடும். அதற்கு வெளியே ஒரு மெல்லிய நைலான், அதன் அடியில் வாடைக்காற்று. அண்டர்குயில்ட் ஹாமக்குக்கு வெளியே தொங்குவதால் உடம்பின் எடை அதன்மேல் விழாது, உப்பலாகவே இருக்கும். காற்று வீசினால் 20 டிகிரி இரவிலேயே முதுகு சில்லிடும்.

தென்காசி: எத்தனை டிகிரிக்கு வாங்க வேண்டும்?

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். ஊரில் இரவு 22 என்றால், 2100 மீட்டரில் இருக்கும் கொடைக்கானலில் 9 வரும். மூணாறு அதைவிடத் தாழ்வுதான், ஆனால் தெளிவான இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்குவதால் ஜனவரியில் சில நாள் பூஜ்யத்தையே தொடும். இத்தனை டிகிரி வரை தாங்கும் என்று அட்டையில் அச்சடித்த எண்ணைப் பொதுவாகத் தயாரிப்பாளர்களே முடிவு செய்கிறார்கள், அதனால் 5 டிகிரி கூட்டியே கணக்கு வையுங்கள். 0 டிகிரி என்று போட்டது கொடைக்கானலுக்குப் போதும்.

பாளையங்கோட்டை: வாத்து இறகா, செயற்கைப் பஞ்சா? கடைக்காரர் இறகுதான் உசத்தி என்கிறார்.

எடையில் இறகு உசத்திதான். முழங்கால் வரை வரும் அளவில், பூஜ்யத்துக்கான இறகு மெத்தை அரைக் கிலோ பக்கம் வரும், செயற்கை அதைவிடக் கனம். பைக்குள் அடங்குவதிலும் இறகுதான் முன்னால். ஆனால் நாம் போகும் மலைகளை நினைத்துப் பாருங்கள் அண்ணாச்சி. வடகிழக்குப் பருவத்தில் மாஞ்சோலை மலையின் நாலுமுக்கு, ஊத்து பக்கம் கொட்டுகிற மழை உங்களுக்கே தெரியும். கொடைக்கானல் மூடுபனியும் லேசுப்பட்டது இல்லை. இறகு நனைந்தால் கட்டிதட்டி உப்பல் போய்விடும். மழையே இல்லாவிட்டாலும் உடம்பின் ஆவியும் பனியும் ஒவ்வொரு இரவும் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும், அந்த ஈரத்தில் பகலிலும் காயாது. செயற்கைப் பஞ்சு நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், உதறினால் சீக்கிரம் காயும். தென்மலைகளுக்கு மட்டும் என்றால் செயற்கையே வாங்குங்கள் என்றுதான் யாருக்கும் சொல்வேன். லடாக் மாதிரி வறண்ட குளிருக்குப் போகிறவர்கள் இறகுக்குச் செலவழிக்கலாம்.

வள்ளியூர்: விலை கூடினதாகப் பார்த்து வாங்கியும் குளிர்கிறது அண்ணாச்சி. ஏமாந்துவிட்டேனா?

அநேகமாகக் கட்டிய விதத்தில்தான் கோளாறு. மெத்தைக்கும் ஹாமக்குக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தால் காற்று அதற்குள் புகுந்து புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகும். அப்புறம் எவ்வளவு தடிமன் இருந்தும் பயனில்லை. நீங்கள் உள்ளே படுத்துக்கொண்டு, கூட வந்தவரைக் கீழிருந்து கையை நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகு, இடுப்பு, தொடை எல்லா இடத்திலும் மெத்தை ஹாமக்கைத் தொட்டும் தொடாமலும் ஒட்டி நிற்க வேண்டும். தொங்கினால் எலாஸ்டிக் கயிற்றைக் கொஞ்சம் சுருக்குங்கள். ரொம்ப இழுத்தால் பஞ்சு நசுங்கி பழைய கதைதான். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இருக்கும் சுருக்குக் கயிறுகளை இறுக்கி மெத்தையின் வாயை மூடுங்கள், பெரும்பாலும் காற்று நுழைவது அங்கேதான். ஹாமக்கில் நாம் சாய்வாகக் குறுக்கே படுப்பதால் மெத்தையையும் அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தோள் வெளியே நிற்கும். இதையெல்லாம் வீட்டு மாடியில் பகல் வெளிச்சத்தில் சரிபார்த்துவிடுங்கள். தார்ப்பாயைத் தாழ்த்திக் காற்று வரும் பக்கம் கட்டினால் பாதிக் குளிர் நின்றுவிடும்.

சேரன்மகாதேவி: உள்ளே பத்தமடைப் பாய் விரித்தால் போதாதா, அண்ணாச்சி?

போதாதும்மா. நம்ம ஊர் வெக்கைக்குக் குளுமையாகப் படுக்க நெய்தது அது. காற்றைப் பிடித்து வைக்காது, வளைவில் மடங்கிக் கோரை முறியும். முதல் பயணத்துக்கு யோகா பாய் போடலாம். 60 சென்டிமீட்டர் அகலத்தில் தோள் இரண்டும் குளிரும், நழுவவும் செய்யும். இரட்டைத் துணி ஹாமக் என்றால் நடுவில் செருகிவிடலாம்.

சங்கரன்கோவில்: இலவம்பஞ்சு வைத்து டெய்லரிடம் தைக்கலாமா?

இலவம்பஞ்சு லேசானது, தண்ணீரும் சீக்கிரம் உறிஞ்சாது. ஆனால் பையில் அமுக்கிக் கொண்டுபோனால் மறுபடி எழும்பாமல் ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். ஜாக்கெட்டுக்குள் வைக்கும் பாலியஸ்டர் பேடிங் ஷீட்டை இரண்டு மூன்று அடுக்காக வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். வெளித்துணி மெல்லிய நைலானாக இருக்கட்டும். ரப்பர் பூச்சுள்ள குடைத்துணி வேண்டாம், ஆவி வெளியேறாமல் உள்ளேயே வேர்த்து நனைந்துவிடும்.

மணிமுத்தாறு: முழு நீளமா, முக்கால் நீளமா? மாஞ்சோலையில் கட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

முக்கால் நீளம் தோளிலிருந்து முழங்கால் வரை வரும். பாதத்துக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம் போட்டால் நம்ம மலைகளுக்கு அது தாராளம், தூக்குகிற சுமையும் குறையும். மாஞ்சோலை மட்டும் வேண்டாம் தம்பி. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் இரவு தங்குவது குற்றம், யானையும் கரடியும் நடமாடும் இடம் வேறு. கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் தனியார் தோட்டத்தில் உரிமையாளரிடம் கேட்டு, அவர் காட்டுகிற மரத்தில் கட்டுங்கள்.

கடையநல்லூர்: ஊருக்குத் திரும்பியதும் எப்படி வைப்பது?

நிழலில் நன்றாக உலர்த்தி, அமுக்காமல் பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு மாட்டிவையுங்கள்.